இரண்டு நட்சத்திரமும் பத்து ரூபாய்ப் பத்திரமும்

பிராந்திய ராணுவத்தில் அதிகாரிகளைச் சேர்க்க வெளியாகும் அறிவிப்பில் வயது, பட்டம், உடல்தகுதி என்று எல்லா ஆள்சேர்ப்பிலும் காணும் வரிகள் இருக்கும். கூடவே, வேறு படை அறிவிப்புகளில் காணாத ஒரு வரியும் இருக்கும்: விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே வருமானம் வரும் தொழில் ஒன்றில் இருக்க வேண்டும். அரசு ஊழியர் துறையிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கிவிடுவார். சுயதொழில் செய்கிறவர் குறைந்தது பத்து ரூபாய் முத்திரைத் தாளில், நடுவர் அல்லது நோட்டரி முன்னிலையில், தன் தொழில் என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு என்று உறுதிமொழி எழுதி, பான் அட்டையின் நகலையும் வைக்க வேண்டும். இதைக் குத்தாலத்தில் வைத்துப் பார்ப்போம். அருவி விழும் குற்றாலம் அல்ல. மயிலாடுதுறைக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கும் குத்தாலம். திருவாவடுதுறை இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள சைவ ஆதீனத்துக்கும் கோயில்களுக்கும் சொந்தமான நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்படி ஒரு வீட்டுப் பட்டதாரி அந்தத் தாளில் ‘தொழில்’ என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதிவிடலாம். ‘ஆண்டு வருமானம்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். பட்டா அவன் பெயரில் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வரிக்கணக்குத் தாக்கல் செய்த பழக்கமும் இல்லை. கதிர் வரும் நேரத்தில் மழை பெய்து சம்பா சாய்ந்த ஆண்டாக இருந்தால், விவசாயம் வருமானம் வரும் தொழில்தானா என்று அவனுக்கே சந்தேகம் வரும். இந்தியாவில் பகுதிநேரப் படைவீரன் அதிகாரியாகும் வழி மாதச் சம்பளக்காரனின் நாட்காட்டியை வைத்து வெட்டப்பட்ட வழி என்பதே இக்கட்டுரையின் வாதம். பகுதிநேரப் படைப்பணி யாருக்கு இயல்பாகப் பொருந்துமோ, அந்தப் பருவகால உழைப்பாளிக்கும், படையின் அடிமட்டத்தில் ஏற்கெனவே நிற்கும் சிப்பாய்க்கும் அந்த வழி குறுகலாகவே இருக்கிறது.

முதலில் அமைப்பைப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இது வேலைவாய்ப்பு அல்ல, பிழைப்பு வைத்திருக்கும் குடிமகன் ஆண்டில் சில காலம் சீருடை அணிந்து நாட்டுக்குத் தரும் பணி என்று ராணுவம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 110ஆவது, திருச்சியில் 117ஆவது காலாட்படைப் பட்டாலியன்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. காவிரி டெல்டாப் பையன்கள் ‘டி.ஏ. செலக்‌ஷன்’ என்று பேசிக்கொள்வது பெரும்பாலும் இவற்றின் ஆள்சேர்ப்பைத்தான். சிப்பாயாகச் சேர 18 முதல் 42 வயதும் பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். அதிகாரிக்கும் அதே வயது வரம்புதான். ஆனால் பட்டம் வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு, அதன்பின் முதல்நிலை நேர்காணல், பிறகு நிரந்தர ராணுவ அதிகாரிகளைச் சலித்தெடுக்கும் அதே எஸ்.எஸ்.பி. தேர்வு, கடைசியில் மருத்துவப் பரிசோதனை. தேறியவர் லெப்டினன்டாகத் தோளில் இரண்டு நட்சத்திரம் குத்திக்கொள்கிறார். முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுக்குள் மூன்று மாத அதிகாரிப் பயிற்சி. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் நிரந்தர ராணுவத்துக்கான பயிற்சி 49 வாரம் நீள்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிராந்திய ராணுவப் பயிற்சி சிறியதுதான். ஆனால் சிறிய பயிற்சியும் துண்டு துண்டாக வருகிறது, அந்தத் துண்டுகளின் அளவு மாதக்கணக்கு. மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போக முடிகிறவர் யார்? விடுப்பு இருக்கிறவர்.

இப்படிப் போய்த் திரும்பி வேலையில் சேர்வது வெறும் வசதி இல்லை, சட்ட உரிமையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. 1948 சட்டத்தின் 7ஏ பிரிவு, படைப்பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பும் ஊழியரை மறுபடியும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது. மறுத்தால் ஆறு மாத ஊதியத்துக்கு மிகாத இழப்பீடு வரை போகலாம். நல்ல பிரிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது காப்பது ‘ஊழியரை’. தானே முதலாளியும் கூலியாளுமாக இருப்பவனுக்கு யார் எதைத் திருப்பித் தருவது? இன்னும் கூர்மையான முரண் ஒன்று குத்தாலத்திலேயே இருக்கிறது. இந்தப் பகுதியின் வயல்களுக்கு அடியிலிருந்து ஓ.என்.ஜி.சி. இயற்கை எரிவாயு எடுக்கிறது. பக்கத்து மருதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. எண்ணெய்த் துறை நிறுவனங்களின் ஊழியர்களைக் கொண்டே அமைந்த பிராந்திய ராணுவப் பிரிவுகள் நாட்டில் உண்டு. போர்க்காலத்தில் எண்ணெய் வழங்கல் நின்றுவிடக் கூடாது என்பது நோக்கம். ஆகவே எரிவாயு நிறுவனத்தின் ஊழியருக்குத் தன் வேலையே சீருடைக்கு வழியாகலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்று பறிப்பவருக்குத் தன் வேலையை நிரூபிப்பதே முதல் தேர்வு.

படையில் ஆணையிடும் இடத்துக்கு யார் ஏறலாம் என்ற கேள்விக்கு நூறு வயது. அதை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் இதே டெல்டாவில் பிறந்தவர். 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படை, அதன்பின் 1920இல் இரண்டு சட்டங்கள்: ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் துணைப்படை, இந்தியருக்குப் பிராந்தியப் படை. பகுதிநேரப் பட்டாளத்திலும் இரண்டு பந்தி. இந்தப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டமன்றத்திலும் குழுக்களிலும் விடாமல் வாதாடிய பி.எஸ். சிவசுவாமி ஐயர் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே பழமானேரியில் 1864இல் பிறந்தவர். சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். 1921 மார்ச் 28 அன்று மத்திய சட்டசபையில் இந்திய ராணுவத்தை ஆராய்ந்த எஷர் குழுவின் அறிக்கை மீது அவர் கொண்டுவந்த தீர்மானங்கள், மன்னரின் கமிஷன் எனப்பட்ட அதிகாரிப் பதவிகளில் குறைந்தது நான்கில் ஒரு பங்கை இந்தியருக்குக் கேட்டன. பத்து ஆண்டு கழித்து, ராணுவக் கல்லூரி அமைப்பதற்கான 1931ஆம் ஆண்டுக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, முடிவோடு ஒத்துப்போகாமல் மேஜர் ஜெனரல் ராஜ்வாடேயுடன் சேர்ந்து தனிக்குறிப்பு எழுதினார். துப்பாக்கி பிடிக்காத ஒரு வழக்கறிஞர், நாட்டைக் காக்கும் உரிமையின் சாரம் சிப்பாய் எண்ணிக்கையில் இல்லை, ஆணையிடும் இடத்தில் யார் நிற்கிறார் என்பதில் இருக்கிறது என்று கண்டுகொண்டதுதான் அவருடைய பெருமை. அவருடைய காலத்தில் தடையின் பெயர் இனம். இன்று அந்தத் தடை போய்விட்டது. ஆனால் படைக்குள் சேர்வதும் ஆணையிடும் இடத்துக்கு ஏறுவதும் இரண்டு தனி வாசல்கள் என்ற கட்டுமானம் அப்படியே நிற்கிறது.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், அது பகுதிநேரப் படையின் தரம் பற்றிய ஐயத்துக்கு நேரடி விடை. 1922 சீரமைப்பில் உருவான மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள், செலவைக் குறைக்கிறோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சியவை பிராந்தியப் பட்டாலியன்கள் மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, அந்தப் பகுதிநேரப் பட்டாலியன்களையே நிரந்தரமாக்கி ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். விதைநெல்லைக் கோட்டை கட்டி வைப்பதுபோல, ஒரு பட்டாளத்தின் பெயரையும் பழக்கத்தையும் காப்பாற்றித் தந்தவர்கள் ஆண்டுக்குச் சில வாரம் கவாத்துப் பழகியவர்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். பகுதிநேரம் என்ற சொல் சிப்பாயின் விஷயத்தில் பெயரளவுக்குத்தான் மிச்சம். காலாட்படைப் பிராந்திய வீரர்கள் ஆண்டுக்கணக்கில் முழுநேரப் பணிக்கு அழைக்கப்படுகிறார்கள். 1962, 1965, 1971 போர்களில் பணியாற்றினார்கள், இலங்கைக்குப் போனார்கள், காஷ்மீரிலும் வடகிழக்கிலும் நிற்கிறார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு ராணுவத் தளபதிக்கு அளித்த அதிகாரத்தின்படி, 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ 2028 பிப்ரவரி வரை பணிக்கு அழைக்க முடியும். அப்படியானால் திருச்சியிலோ கோவையிலோ சேர்ந்த ஒரு டெல்டாச் சிப்பாய், சில ஆண்டுகளில் காவல், ரோந்து, பதுங்கல், பனிமலை என்று எல்லாம் பார்த்துவிடுகிறான். இடையில் தபால்வழியில் ஒரு பட்டமும் வாங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரித் தேர்வுக்கான பொது அறிவிப்பின் தகுதிப் பட்டியலில் இந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு? அங்கே கேட்கப்படுவது வயது, பட்டம், தொழில். படைக்குள் செலவிட்ட நாட்கள் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகவும் இல்லை. எண்ணத் தெரியாமல் விட்டது என்றும் சொல்ல முடியாது. ஓய்வூதியத்துக்காக ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. முழுநேரமாக அழைக்கப்பட்ட காலம் 15 ஆண்டு சேர்ந்தால் சிப்பாய்க்கும், 20 ஆண்டு சேர்ந்தால் அதிகாரிக்கும் ஓய்வூதியம் என்று விதி இருக்கிறது. பணத்துக்கு எண்ணும் அதே நாட்களைப் பதவிக்கும் எண்ணினால் என்ன என்பதே கேள்வி.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பின்பற்றுவதற்காக அல்ல. முடியுமா முடியாதா என்று தெரிந்துகொள்வதற்காக. அமெரிக்காவின் தேசியக் காவல் படையில் அடிமட்டச் சிப்பாய் ஒருவர் தன் மாநிலத்தின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் சேரலாம். மாதத்துக்கு ஒரு வார இறுதி, இடையில் ஆண்டு முகாம்கள் என்று சுமார் 16 முதல் 18 மாதத்தில் பயிற்சி முடிகிறது. அவசரமுள்ளவருக்கு எட்டு வாரத்தில் ஒரே மூச்சில் முடிக்கும் வழியும் உண்டு. பள்ளி ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் பண்ணைக்காரரும் தத்தம் வாழ்க்கைக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்கிறார்கள். பிரிட்டனில் ரிசர்வ் படை அதிகாரிக்கான பயிற்சி மொத்தம் எட்டு வாரம், இரண்டு இரண்டு வாரமாக நான்கு பகுதி. முடிவது சாண்ட்ஹர்ஸ்டில். நிரந்தர ராணுவ அதிகாரி பயிலும் அதே மைதானம்தான். நேரத்தைப் பிரித்தார்கள், தரத்தைப் பிரிக்கவில்லை. இந்தியாவின் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்ற அளவுகளோடு ஒப்பிட்டால், நம் பயிற்சி மொத்த நீளத்தில் குறைந்ததல்ல என்பது தெரியும். நாம்தான் கூடுதலாகக் கேட்கிறோம். வேறுபாடு கூறு போடுவதில் இருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது தரம் பற்றியது. அதிகாரியின் தவறு அவரோடு போகாது, முப்பது பேரின் உயிரோடு போகும். ஆகவே வழியை எளிதாக்குவது ஆபத்து. மறுப்பு சரி, ஆனால் அது வேறொரு யோசனைக்கு எதிரான மறுப்பு. எஸ்.எஸ்.பி.யைத் தளர்த்தச் சொல்லவில்லை. அந்த ஐந்து நாள் சோதனை அப்படியே இருக்கட்டும். எழுத்துத் தேர்வு இருக்கட்டும். சொல்லப்போனால் தரம் பற்றிய கவலை எங்கள் பக்கமே பேசுகிறது: ஒரு மாத அடிப்படைப் பயிற்சி முடித்த வங்கி ஊழியரா, மூன்று ஆண்டு எல்லையில் நின்ற சிப்பாயா, யாரிடம் பிளாட்டூனை ஒப்படைப்பது பாதுகாப்பு என்று கேட்டால், இருவரும் ஒரே எஸ்.எஸ்.பி.யில் தேறியிருக்கும் பட்சத்தில், விடை அவ்வளவு கடினமானதல்ல. கௌரவப் பதவிகளைப் பார்த்து இந்தப் படையே விளம்பரத்துக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. கிரிக்கெட் வீரர் தோனியும் நடிகர் மோகன்லாலும் கௌரவ லெப்டினன்ட் கர்னல்கள்தாம். ஆனால் அரசியல்வாதிகளான சச்சின் பைலட்டும் அனுராக் தாகூரும் தேர்வின் மூலம் கமிஷன் பெற்றவர்கள். அரசியல்வாதிக்கு ஏற்றபடி நாட்களை வகுத்துக்கொள்ள முடிகிற ஓர் அமைப்பில் சிப்பாய்க்கு மட்டும் முடியாது என்று சொல்வது எடுபடாது.

இன்னொரு மறுப்பு பட்டாளத்துக்காரர்களே சொல்வது. நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவன் இன்று சல்யூட் வாங்கினால் ஒழுங்கு குலையும். இதற்கு நிரந்தர ராணுவமே பதில் சொல்லியாகிவிட்டது. டேராடூனில் 1932இல் இந்திய ராணுவக் கழகம் திறந்தபோது முதல் அணியின் 40 இடங்களில் 15 படையின் அடிமட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு. சிப்பாய்களை அதிகாரிப் பயிற்சிக்குத் தயார்செய்யும் ஆர்மி கேடட் கல்லூரி, நவ்காங்கில் 1929இல் அடிக்கல் நாட்டப்பட்ட கிச்சனர் கல்லூரியின் வாரிசு; 1977 முதல் டேராடூனில் இயங்குகிறது. பழைய தோழர்களுக்கே ஆணையிடும் சங்கடம் இருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், முடிந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டாக முழுநேரப் படையில் குலையாத ஒழுங்கு பகுதிநேரப் படையில் குலைந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டியிருக்கிறது.

அதிகாரியாக வேண்டுமென்றால் நேரே பொதுத்தேர்வு எழுதிப் பரங்கிமலைக்குப் போகட்டுமே, எதற்கு இந்தச் சுற்றுவழி என்பார்கள் சிலர். அந்த வாசல் இருபத்தைந்து வயதையொட்டி மூடிவிடும். டெல்டாவின் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்து, வீட்டு நிலத்தையும் பார்த்துக்கொண்ட பையனுக்கு ஆங்கிலத் தாளும் எஸ்.எஸ்.பி.யின் குழு விவாதமும் பழகுவதற்கே அந்த வயது ஆகிவிடும். பிராந்திய ராணுவத்தின் 42 வயது வரம்பு அவனுக்குத் தரும் இடைவெளி சலுகை அல்ல, பழகும் காலம். சிப்பாயாகச் சேர்ந்தால் அந்தக் காலத்தில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டுக்கேட்டே படிந்துவிடும். நெல் விளையும் ஊரில் போர்க்குணம் விளையாது என்ற பழைய பேச்சையும் இந்த இடத்தில் சிலர் இழுப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போர்த்தகுதியை இழந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். அந்த முடிவால் ஆள்சேர்ப்பு வடக்கே நகர்ந்தது. ஆள் எடுக்காத ஊரில் பட்டாளத்தார் வீடு என்ற பெயர் வீதிக்கு ஒன்றாகக் குறைந்ததில் என்ன வியப்பு?

எண்ணிக்கையைச் சொல்லி மடக்குவதும் உண்டு. 2025 அறிவிப்பில் அதிகாரி இடங்கள் மொத்தம் 19. அதில் பெண்ணுக்கு ஒன்று. இத்தனை சிறிய வாசலைச் சீர்திருத்தி என்ன ஆகும்? அந்த ஒற்றை இடத்தின் கதையே விடை. சட்டத்தில் ‘நபர்’ என்று இருப்பது பெண்ணையும் குறிக்கும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளிக்கும்வரை அந்த இடம் பூஜ்யமாக இருந்தது. சட்டத்தின் ஒரு சொல்லும் மாறவில்லை, அதைப் படித்த விதம் மாறியது. ‘வருமானம் வரும் தொழில்’ என்ற சொற்களையும் அப்படிப் படிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி என்பது பதிவாகும். பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அரசு நம்பும் காகிதம் அது. ராணுவமும் நம்பினால், முத்திரைத் தாளில் பேனா நின்ற இடத்தில் ஒரு சர்வே எண் எழுதப்படும்.

மீதி இருப்பது நாட்காட்டி. மேட்டூர் அணை திறக்கும் நாள் என்று வழக்கமாகச் சொல்வது ஜூன் 12. பம்புசெட் உள்ளவர்கள் அதற்கு முன்பே குறுவை நாற்று விட்டுவிடுவார்கள். குறுவை அறுத்துத் தாளடி, அல்லது நேரே சம்பா, தை மாசியில் அறுவடை. அதையொட்டி ஈரம் காயும் முன் உளுந்தும் பயறும் தெளித்துவிட்டால் பங்குனி, சித்திரை, வைகாசியில் டெல்டாவில் பம்புசெட் இல்லாத வீட்டு ஆண்களுக்கு வயலில் பெரிய வேலை இல்லை. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் ரயில் ஏறும் காலம் அது. பயிற்சியை இரண்டு வாரக் கூறுகளாக்கி, நான்கையும் அந்த மூன்று மாதத்துக்குள் அடுத்தடுத்தோ இரண்டு கோடையில் பிரித்தோ வைத்தால், ஒரு குறுவையும் தவறாது. இடையில் போக நேர்ந்தாலும், தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரின் சொந்த உழைப்போடு குடும்பத்தாரின் உழைப்பையும் கணக்கில் கொள்கிறது. இரண்டு வாரம் தம்பி மடை பார்த்தால் குத்தகை போய்விடாது, மூன்று மாதம் என்றால்தான் வீட்டில் யோசிப்பார்கள். பரங்கிமலைக் கழகம் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. மயிலாடுதுறை வழியாகச் சென்னைக்குப் போகும் இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது தாம்பரம்; அங்கிருந்து பரங்கிமலைக்கு மின்ரயில்.